94 மதிப்பெண் வாங்கிய மெதுவான தளம்

இந்தக் குறிப்புகளைத் தொடக்கத்திலிருந்து வாசித்துவரும் தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். பணி ஓய்வு பெற்றுச் சொந்த ஊரில் இருக்கிறார். போன வருஷம் ஒருநாள் காலையில் தொலைபேசியில் அழைத்தார்.

"தம்பி, உங்க பக்கம் திறக்கவே மாட்டேங்குது. சுத்திக்கிட்டே இருக்கு. உ.வே.சா. பதிப்புகளோட முகவுரையைப் பத்தி ஒரு குறிப்பு எழுதியிருந்தீங்களே, அது வேணும்."

"இங்க நல்லாத்தான் வருது ஐயா. உங்க ஊர்ல சிக்னல் எப்படி?"

"வாட்ஸ்அப்ல வீடியோ எல்லாம் வருதே தம்பி."

நான் விடவில்லை. அன்று மாலையே கூகுளின் வேகச் சோதனைக் கருவியில் என் தள முகவரியைக் கொடுத்துப் பார்த்தேன். 94 மதிப்பெண். பச்சை வட்டம். அதைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பி, "தளத்தில் குறை இல்லை ஐயா, உங்கள் இணைப்பைப் பாருங்கள்" என்று எழுதினேன். "சரி தம்பி" என்று ஒரு வரி வந்தது. அதற்குப் பிறகு அவர் இதைப் பற்றிக் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அவர் சொன்னது முழுக்க உண்மை என்று. அந்தப் படத்தை அனுப்பியதை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. எதை நம்பி அவ்வளவு உறுதியாகப் பேசினேன் என்று எனக்கே கணக்குக் காட்டிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். ஷேர்டு ஹோஸ்டிங்கில் வேர்ட்பிரஸ் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டும் நண்பர்கள் சிலருக்கும் உதவலாம்.

தளத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2009இல் தொடங்கியது. இன்றைக்கு 1,100 பதிவுகளுக்கு மேல். பெரும்பாலும் எழுத்துதான்; எப்போதாவது ஒரு பழைய தலைப்புப் பக்கத்தின் படம். ஒரே சர்வரை நூற்றுக்கணக்கானவர்கள் பகிர்ந்துகொள்ளும் மலிவான ஹோஸ்டிங். விளம்பரம் கிடையாது. ஆண்டுக் கட்டணம் என் கைக்காசு. படிக்க வருபவர்கள் குறைவு. வருகிறவர்களும் முகப்பைப் பார்த்துவிட்டு உலாவ வருவதில்லை. தேடுபொறி வழியாக, அல்லது யாரோ அனுப்பிய சுட்டி வழியாக, ஏதாவது ஒரு பழைய பதிவுக்கு நேரே வருகிறார்கள். இன்றைக்கு 2011ஆம் வருஷத்துக் குறிப்பு, நாளைக்கு 2016. இந்த ஒரு தகவலை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறந்தது இதைத்தான்.

தளம் மெதுவாக இருக்கிறது என்ற சந்தேகம் எனக்கு அதற்கு முன்பே இருந்தது. ஆகவே "வேர்ட்பிரஸ் தளத்தை வேகப்படுத்துவது எப்படி" வகைக் கட்டுரைகளை நிறையப் படித்திருந்தேன். தமிழிலும் ஆங்கிலத்திலுமாக நாற்பதாவது இருக்கும். பதிப்பு வேலை பார்க்கிறவனுக்கு அவற்றைப் படிக்கும்போது ஒரு பழகிய உணர்வு வரும். ஒரே மூல ஏட்டிலிருந்து படியெடுத்த பிரதிகள் மாதிரி இருக்கும். ஒருவர் செய்த பிழை அடுத்தவர் கையிலும் அப்படியே இருக்கும். அவர் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்திருப்பார். எல்லாவற்றிலும் அதே பத்து யோசனைகள். கேஷ் பிளகின் போடு. படங்களைச் சுருக்கு. டேட்டாபேஸைச் சுத்தம் செய். பழைய திருத்தங்களை அழி. சி.டி.என். போடு. கடைசியில், நல்ல ஹோஸ்டிங்குக்கு மாறு. அதற்கு ஒரு சுட்டி, அதில் அவருக்கு ஒரு கமிஷன்.

இவற்றில் எதுவும் தனியாகப் பார்த்தால் பொய் இல்லை. என் புகார் வேறு. உடம்புக்கு என்ன என்று கேட்காமலேயே மருந்து கொடுக்கிறார்கள். தாமதம் எங்கே ஏற்படுகிறது என்று கண்டுபிடிக்கும் வழியை ஒரு பத்தியில்கூடச் சொல்வதில்லை. நாற்பதில் மூன்றோ நாலோதான் அளந்து பார்க்கச் சொன்னவை. அவையும் முகப்புப் பக்கத்தைத்தான் அளக்கச் சொன்னவை.

கேஷ் விஷயத்தைக் கொஞ்சம் விளக்கமாகப் பார்க்கலாம், ஏனென்றால் நான் ஏமாந்த இடம் அது. வேர்ட்பிரஸில் ஒரு பக்கம் கேட்கப்படும்போது பிஎச்பி ஓடி, டேட்டாபேஸிடம் பலமுறை கேட்டு வாங்கி, பக்கத்தைப் புதிதாகச் சமைக்கிறது. பேஜ் கேஷ் பிளகின் என்ன செய்கிறது? முதல் ஆளுக்குச் சமைத்ததை ஒரு கோப்பாக எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்து வருபவர்களுக்கு அதையே பரிமாறுகிறது. செய்தித்தளத்துக்கு இது அருமையான ஏற்பாடு. ஒரு செய்தியை ஒரு மணி நேரத்தில் ஆயிரம் பேர் படித்தால், காத்திருக்கிறவர் ஒருவர்தான். மீதி 999 பேருக்கும் ஆறாத சோறு.

என் மாதிரித் தளத்தில் நடப்பது தலைகீழ். வைத்த கோப்பு சில மணி நேரத்தில் காலாவதி ஆகிவிடும். நான் ஒரு புதிய பதிவு போட்டால், சில பிளகின்கள் மொத்தத்தையும் அழித்துவிட்டு மறுபடி தொடங்கும். 2011ஆம் வருஷத்துக் குறிப்புக்கு வாரத்தில் இரண்டு பேர் வருகிறார்கள் என்றால், இரண்டு பேருமே "முதல் ஆள்"தான். இரண்டு பேருக்குமே சமைத்துத்தான் ஆகவேண்டும். எப்போதும் சூடாக இருந்த ஒரே பக்கம், தேடுபொறியும் வேகச் சோதனைக் கருவிகளும் நானும் அடிக்கடி தட்டிப் பார்த்த முகப்புப் பக்கம். வாசலுக்கு வெள்ளையடித்துவிட்டு, வீட்டைப் புதுப்பித்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த 94 வாசலுக்குக் கிடைத்த மதிப்பெண்.

இதில் இன்னொரு வேடிக்கை உண்டு. பதிவு போட்டதும் அது எப்படி வந்திருக்கிறது என்று நானே திறந்து பார்ப்பேன் அல்லவா? அப்போது ஐந்தாறு விநாடி ஆகத்தான் செய்தது. ஆனால் நான் பதறவில்லை. காரணம், கட்டுரைகள் எனக்கு முன்கூட்டியே ஒரு சமாதானம் சொல்லி வைத்திருந்தன: நிர்வாகியாக உள்நுழைந்திருப்பவருக்குக் கேஷ் வேலை செய்யாது, அதனால் உங்களுக்கு மட்டும் மெதுவாகத் தெரியும், வாசகர்களுக்கு அப்படி இல்லை. கண்ணெதிரே இருந்த சாட்சியத்தை நானே தள்ளுபடி செய்துவிட்டேன்.

வேர்ட்பிரஸும் இதற்கு உடந்தை. 2019இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து நிர்வாகப் பகுதியில் "தள நலம்" என்று ஒரு பக்கம் இருக்கிறது. நல்ல யோசனை. ஆனால் 2022இல் வந்த 6.1 பதிப்பு அதில் சேர்த்த சோதனைகளைப் பாருங்கள். ஒன்று, பேஜ் கேஷ் இருக்கிறதா என்பது. மற்றொன்று, நிலையான ஆப்ஜெக்ட் கேஷ் இருக்கிறதா என்பது. முதல் சோதனை தளத்தின் முகப்பைத்தான் மூன்று முறை தட்டிப் பார்த்து, பதில் வரும் நேரம் 600 மில்லிவிநாடிக்குள் இருந்தால் திருப்தி அடைந்துவிடுகிறது. இரண்டாவதற்கு ரெடிஸ், மெம்கேஷ்டு போன்றவை வேண்டும். மலிவான ஷேர்டு ஹோஸ்டிங்கில் அவை பெரும்பாலும் கிடையாது. ஆக, ஒன்று தவறான பக்கத்தைப் பார்க்கிறது, மற்றொன்று என்னால் வாங்க முடியாததைச் சிபாரிசு செய்கிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் எவ்வளவு சுமை தானாக ஏற்றப்படுகிறது என்ற கேள்வியை அந்தப் பக்கம் கேட்கத் தொடங்கியது 2024இல், 6.6 பதிப்பில்தான். மூடி மறைக்கும் வழி முதலில், காரணத்தைப் பார்க்கும் வழி இரண்டு வருஷம் பிந்தி.

பழைய திருத்தங்களை அழித்த கதையைச் சொல்லாமல் விட முடியாது. வேர்ட்பிரஸ் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் பதிவின் அந்த நிலையை ஒரு பிரதியாக வைத்துக்கொள்கிறது. வரம்பு எதுவும் நாம் வைக்காவிட்டால் அவை சேர்ந்துகொண்டே போகும். என்னிடம் எட்டாயிரத்துக்கும் மேல் இருந்தன. "இந்தக் குப்பைதான் தளத்தை இழுக்கிறது" என்று ஏறக்குறைய எல்லாக் கட்டுரையும் சொன்னது. ஒரு பொத்தான். எட்டாயிரமும் போயிற்று. வேகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இருக்கவும் முடியாது. பதிவுகள் டேபிளில் பதிவின் வகை, நிலை, தேதி ஆகியவற்றைச் சேர்த்து ஓர் இன்டெக்ஸ் இருக்கிறது. வெளியான பதிவைத் தேடும் குவெரி அதன் வழியே போய்விடும், திருத்தப் பிரதிகளைத் தொடுவதே இல்லை. என் அளவுள்ள தளத்தில் அவற்றை அழிப்பதால் காப்புப் பிரதியின் கனம் குறையும், அவ்வளவுதான். பாடவேறுபாடுகளை வைத்துப் பிழைப்பு நடத்துகிற நான், என்னுடைய சொந்தப் பாடவேறுபாடுகளை ஒரு பொத்தானில் கொளுத்தினேன். யாரோ சொன்னார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

அடுத்து ஹோஸ்டிங்காரர். பெயர் வேண்டாம், இந்த விஷயத்தில் எல்லாரும் ஏறக்குறைய ஒன்றுதான். விற்கும்போது "வரம்பற்ற" இடம், "வரம்பற்ற" போக்குவரத்து. வரம்பு இருக்கும் இடங்கள் வேறு: சிபியு எவ்வளவு, நினைவகம் எவ்வளவு, வட்டில் விநாடிக்கு எவ்வளவு எழுதிப் படிக்கலாம், எத்தனை கோப்புகள் இருக்கலாம், ஒரே நேரத்தில் எத்தனை கோரிக்கைகள் உள்ளே நிற்கலாம். கடைசியாகச் சொன்னதற்கு என்ட்ரி பிராசஸ் என்று பெயர். என் கணக்கில் அது 20. இருபத்தோராவது ஆள் வந்தால் 508 என்ற எண்ணோடு, வளம் தீர்ந்துவிட்டது என்று ஒரு வெற்றுப் பக்கம் காட்டப்படும்.

அந்த வருஷம் முழுக்க எனக்கு அப்படி எச்சரிக்கை மின்னஞ்சல்கள் வந்துகொண்டிருந்தன. உதவி மையத்தில் கேட்டேன். "உங்க டிராஃபிக் வளர்ந்துடுச்சு சார், அடுத்த பிளானுக்கு மாறிடுங்க" என்றார்கள். கட்டணம் ஏறக்குறைய மூன்று மடங்கு. மனதுக்குள் ஒரு சின்னப் பெருமைகூட வந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். படிக்கிறவர்கள் கூடிவிட்டார்களாம்!

அவர்கள் தந்த வரைபடம் என் சிபேனலிலேயே இருந்தது. அதை அப்போது ஒழுங்காகப் படித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. என்ட்ரி பிராசஸ் 20க்கு 20 என்று தலை முட்டி நின்ற அதே நேரத்தில், சிபியு பத்து விழுக்காட்டைக்கூடத் தாண்டவில்லை. இருபது பேர் உள்ளே நிற்கிறார்கள், ஆனால் யாரும் வேலை செய்யவில்லை. ரேஷன் கடையில் வரிசை தெரு முனை வரை நிற்கிறது, கவுன்டரில் இருப்பவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்றால், கூட்டம் அதிகம் என்றா சொல்வோம்? உள்ளே ஏதோ வரவேண்டியது வரவில்லை என்போம். கூட்டம் அதிகம் என்றால் சிபியு ஏறியிருக்கும். காத்திருப்பு என்றால் சிபியு தூங்கும். இந்த வித்தியாசத்தை உதவி மையமும் சொல்லவில்லை, கட்டுரைகளும் சொல்லவில்லை.

திட்டத்தை மாற்றப் பணம் கட்டுவதற்கு முந்தின நாள், பக்கத்து ஊர்க் கல்லூரியில் கணினி நிர்வாகம் பார்க்கும் நண்பரிடம் தற்செயலாகப் பேசினேன். அவர் ஒன்றுதான் கேட்டார்: "எது மெதுவா இருக்கு? சர்வரா, பிஎச்பியா, வேர்ட்பிரஸா?" எனக்குப் பதில் தெரியவில்லை. ஒரு சின்னச் சோதனை சொன்னார். தளத்தின் அடைவில் ஒரு சாதாரண உரைக்கோப்பைப் போடு. அதன் பக்கத்தில், ஒரே ஒரு சொல்லை அச்சிடும் பிஎச்பி கோப்பைப் போடு. பிறகு ஏதாவது ஒரு பழைய பதிவு. மூன்றுக்கும் முதல் பைட் வந்து சேர எத்தனை நேரம் ஆகிறது என்று பார். பதிவின் முகவரிக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறியும் நாலு எழுத்தும் சேர்த்துக்கொள், பெரும்பாலான கேஷ் பிளகின்கள் அப்போது ஒதுங்கிக்கொள்ளும். காலையில் ஒருமுறை, இரவு ஒன்பது மணிக்கு ஒருமுறை செய். அக்கம்பக்கத்துத் தளங்களின் தொல்லை இருந்தால் இரவில் தெரிந்துவிடும்.

உரைக்கோப்பு கால் விநாடிக்குள் வந்தது. பிஎச்பி கோப்பும் கிட்டத்தட்ட அதே. 2011ஆம் வருஷத்துப் பதிவு 6.3 விநாடி. காலையிலும் 6.3, இரவிலும் 6.4. அதைப் பார்த்ததும் நண்பர் சிரித்தார். "அக்கம்பக்கத்துத் தொல்லைன்னா எண் குதிக்கும். இது பிடிச்சு வச்ச மாதிரி நிக்குது பாருங்க. எங்கயோ ஒரு டைம் அவுட் ஓடுது." முகப்பையும் அதேபோல் கேள்விக்குறி போட்டுப் பார்த்தேன்: 1.3 விநாடி. ஆக, பதிவுப் பக்கங்களுக்கு மட்டும் ஐந்து விநாடி கூடுதல்.

இதற்கு மேல் கண்ணைக் கட்டிக்கொண்டு தேட வேண்டியதில்லை. குவெரி மானிட்டர் என்று ஓர் இலவச பிளகின் இருக்கிறது. ஒரு பக்கம் உருவாகும்போது எத்தனை குவெரிகள் ஓடின, ஒவ்வொன்றும் எத்தனை நேரம், எந்த பிளகின் காரணம் என்று காட்டும். அதைவிட முக்கியம், நம் சர்வர் வெளியே வேறு எந்தச் சர்வரிடம் போய் என்ன கேட்டது என்பதையும் காட்டும். போட்டேன். வெளி அழைப்பு ஒன்று. 5 விநாடி. தோல்வி. காரணம்: தீம்.

தீமில் அந்தப் பதினோரு வரியை எழுதியது நான்தான்.

2013இல், வலைப்பதிவுத் திரட்டிகள் ஓகோவென்று இருந்த காலம். பதிவின் அடியில் "இத்தனை பேர் வாக்களித்திருக்கிறார்கள்" என்று காட்டுவது ஒரு கெத்து. ஒரு திரட்டியிடமிருந்து அந்த எண்ணை வாங்கிக் காட்ட, எங்கோ பார்த்த நிரலை வெட்டி ஒட்டினேன். வாங்கிய எண்ணை ஒரு மணி நேரம் சேமித்து வைக்கவும் செய்தேன், அந்த அளவுக்குப் புத்திசாலி. ஆனால் பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. தோல்வியைச் சேமித்து வைக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு முறையும் மறுபடி கேட்கும். திரட்டி மூடப்பட்ட பிறகும் சில காலம் பிழைச்செய்தி உடனே வந்துகொண்டிருந்ததால் தெரியவில்லை. பின்னொரு நாள் அதன் பெயர் வேறு ஏதோ முகவரியைக் காட்டத் தொடங்கியிருக்கிறது. அங்கே பதில் சொல்ல ஆள் இல்லை. வேர்ட்பிரஸின் வெளி அழைப்புக்கு இயல்பான பொறுமை 5 விநாடி. பத்து வருஷத்துக்கு முந்திய ஒரு கெத்துக்காக, வருகிற ஒவ்வொருவரையும் ஐந்து விநாடி நிற்க வைத்திருக்கிறேன். எண் எதுவும் வராததால் பக்கத்தில் ஒரு தடயமும் தெரியவில்லை.

முகப்பில் அந்த நிரல் இல்லை. நிர்வாகப் பகுதியில் இல்லை. பதிவுப் பக்கத்தில் மட்டும். அதனால்தான் 94.

மீதியும் இதோடு பொருந்திவிட்டது. தேடுபொறிகளின் ஊர்ந்திகளும் இப்போது செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் ஊர்ந்திகளும் பழைய பதிவுகளைத்தான் வரிசையாகத் தட்டுகின்றன. ஒவ்வொன்றும் உள்ளே வந்து ஆறு விநாடி நின்றால் இருபது இடமும் நிரம்ப எத்தனை நேரம் ஆகும்? விநாடிக்கு நாலு கோரிக்கை போதும். 508க்குக் காரணம் அதுதான். வாசகர் கூட்டம் இல்லை. மூன்று மடங்கு பணம் கட்டியிருந்தால் கூடுதலாக நாற்பது பேர் நின்று காத்திருக்க இடம் கிடைத்திருக்கும். ஒருவரும் ஒரு விநாடிகூட முன்னதாகப் போயிருக்க மாட்டார்கள்.

என் தவறு என்று ஒப்புக்கொண்டாயிற்று. ஆனால் வேர்ட்பிரஸை அப்படியே விட்டுவிடவும் மனமில்லை, ஏனென்றால் மீதமிருந்த 1.3 விநாடியில் பாதிக்கு மேல் அதன் வளர்ப்பு முறையின் விளைவு.

ஆப்ஷன்ஸ் என்று ஒரு டேபிள் இருக்கிறது. தளத்தின் பெயரிலிருந்து ஒவ்வொரு பிளகினின் அமைப்புகள் வரை அதில்தான் இருக்கும். ஒவ்வொரு வரிக்கும் ஆட்டோலோட் என்று ஒரு குறி. அந்தக் குறி போட்டவை எல்லாம், தேவைப்பட்டாலும் படாவிட்டாலும், ஒவ்வொரு பக்கத்துக்கும் மொத்தமாக நினைவகத்துக்கு ஏற்றப்படும். பிளகின் எழுதுபவர் வேறு ஒன்றும் சொல்லாவிட்டால் ஏற்றுவது என்பதுதான் பல வருஷமாக வழக்கம். பிளகினை நீக்கும்போது தன் பொருட்களை எடுத்துக்கொண்டு போகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை; விருப்பம் இருந்தால் செய்யலாம். வாடகைக்கு வந்தவர் காலி செய்த பிறகும் அவர் பெட்டி படுக்கையை வீட்டுக்காரர் தினமும் தூக்கி வைத்து இறக்குவதுபோல.

என் டேபிளில் இப்படி 4 எம்.பி.க்கு மேல் இருந்தது. அதில் ஒரே வரி மட்டும் 2.6 எம்.பி. நான்கு வருஷத்துக்கு முன்பு நீக்கிய "தொடர்புடைய பதிவுகள்" பிளகின் ஒன்று, என் பதிவுகளின் சொற்களை எல்லாம் ஒரே பட்டியலாக்கி ஒரே வரியில் போட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறது. தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8இல் குறியீட்டுக்கு 3 பைட் என்பதால், ஆங்கிலத் தளத்தில் சிறிதாக இருந்திருக்கக்கூடிய பட்டியல் இங்கே உப்பிப்போய்விட்டது. 6.6 பதிப்பின் தள நலச் சோதனை 8 லட்சம் பைட்டைத் தாண்டினால் எச்சரிக்கிறது. நல்லது. ஆனால் அதே பதிப்பு அந்தக் குறியின் மதிப்புகளையும் மாற்றிவிட்டது. முன்பு "ஆம்", "இல்லை" என்ற பொருளில் இரண்டே சொற்கள். இப்போது ஐந்து புதிய சொற்கள், பழையவையும் சேர்ந்தே புழங்கும். கட்டுரைகள் தரும் குவெரி இன்னும் பழைய "ஆம்" சொல்லை மட்டுமே தேடிக் கூட்டுகிறது. அதை நம்பிக் கூட்டினால் கணக்குக் குறைந்து வரும். படியெடுத்தவர்களின் பிழை என்று மேலே சொன்னேனே, இதுவும் அதுதான்.

செய்ய விரும்புகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அடையாளம் தெரியாத வரிகளை அழிக்காதீர்கள். முதலில் டேபிளைக் காப்புப் பிரதி எடுங்கள். பிறகு பெரிய வரிகளின் ஆட்டோலோட் குறியை மட்டும் "இல்லை" என்று மாற்றி ஒரு வாரம் பாருங்கள். யாருக்காவது தேவைப்பட்டால் அப்போது தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள், எதுவும் உடையாது. எட்டாயிரம் திருத்தங்களை எரித்தவன் சொல்கிறேன்.

தமிழ்த் தளங்களுக்கே உரிய ஒரு சங்கடத்தையும் இந்தத் தேடலில் கண்டேன். தமிழ்த் தலைப்பு வைத்தால் முகவரியும் தமிழில் உருவாகும். உள்ளே அது விழுக்காட்டுக் குறிகளாகச் சேமிக்கப்படும். ஒரு குறியீட்டுக்கு 9 எழுத்து. "தமிழ்" என்ற சொல்லுக்கே த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறியீடு, 45 எழுத்து. அந்த இடத்துக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பது 200. இருபத்திரண்டு குறியீட்டோடு தலைப்பு நறுக்கப்படும். நறுக்கியதை ஒருவர் நகலெடுத்து அனுப்பும்போது இன்னும் கொஞ்சம் உடையும். உடைந்த முகவரிக்கு வருகிறவருக்குப் "பக்கம் இல்லை" என்று சொல்வதற்கும் வேர்ட்பிரஸ் முழுதாக எழுந்து உட்கார்ந்து, எந்தப் பதிவாக இருக்கலாம் என்று யூகித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்லும். என் பதிவேட்டில் இப்படி வந்தவை நான் நினைத்ததைவிட அதிகம். இப்போது புதிய பதிவுகளுக்கு எண்ணையே முகவரியாக வைக்கிறேன். அழகில்லைதான்.

தேடல் பெட்டியை மட்டும் என்னால் சரிசெய்ய முடியவில்லை. வேர்ட்பிரஸின் தேடல், கொடுத்த சொல் எங்கேயாவது இருக்கிறதா என்று ஒவ்வொரு பதிவின் தலைப்பு, சுருக்கம், உடல் எல்லாவற்றையும் முதலிலிருந்து கடைசிவரை படித்துப் பார்க்கிறது. இன்டெக்ஸ் எதுவும் அங்கே உதவாது. கேஷும் உதவாது, ஒருவர் தேடியதையே இன்னொருவர் தேடுவது அபூர்வம். ஆராய்ச்சிக் குறிப்புத் தளத்தில் தேடல்தான் உயிர். நாற்பது கட்டுரைகளில் ஒன்றுகூட அதைப் பற்றிப் பேசவில்லை, ஏனென்றால் எந்தக் கருவியும் அதற்கு மதிப்பெண் போடுவதில்லை. இப்போதைக்கு ஒரு பொருளடைவைக் கையால் தயாரித்து ஒரே நிலைப் பக்கமாக வைத்திருக்கிறேன். அச்சுப் புத்தகக் காலத்து வழிதான், வேகமாக வருகிறது.

வேர்ட்பிரஸை விட்டுப் போய்விடலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். போகமாட்டேன். 2003இல் பி2 என்ற பழைய மென்பொருளின் கிளையாகத் தொடங்கியது அது. எந்த மலிவான சர்வரிலும் ஓடவேண்டும் என்பதில் அன்றிலிருந்து பிடிவாதமாக இருக்கிறது. அந்தப் பிடிவாதம் இல்லையென்றால், நிரல் எழுதத் தெரியாத ஒரு தமிழ்க்காரன் இத்தனை வருஷம் சொந்தமாக ஒரு தளம் நடத்தியிருக்க முடியாது. தளம் மெதுவாகிவிட்டது என்று அலுத்துப்போய் முகநூலுக்கு எழுத்தைக் கொண்டுபோனவர்களின் பதிவுகளை இன்று தேடி எடுக்க முடிகிறதா, சொல்லுங்கள்.

பதினோரு வரியை நீக்கிய அன்று 2011ஆம் வருஷத்துப் பதிவு 1.3 விநாடியில் வந்தது. ஆப்ஷன்ஸ் டேபிளைக் குறைத்த பிறகு 0.6. பிஎச்பியைப் புதிய பதிப்புக்கு மாற்றியதில் இன்னும் கொஞ்சம் குறைந்தது. 508 மின்னஞ்சல் அதற்குப் பிறகு வரவில்லை. திட்டம் பழைய திட்டமேதான்.

ஆசிரியருக்குத் தொலைபேசியில் அழைத்து, அன்றைக்குப் படம் அனுப்பியதற்கு மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி" என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தைத் திறந்தார், திறந்தது. பத்து நிமிஷம் கழித்து அவரே திரும்ப அழைத்தார்.

"தம்பி, குறிப்பு நல்லா இருக்கு. ஆனா புறநானூறு 1894, மணிமேகலை 1898. நீங்க ரெண்டையும் மாத்திப் போட்டிருக்கீங்க."

பார்த்தேன். மாறித்தான் இருந்தது. எனக்குத் தெரியாத வருஷங்கள் அல்ல அவை. முதலில் சரியாக எழுதி, பின்னால் ஏதோ ஒரு திருத்தத்தில் இடம் மாறியிருக்கவேண்டும். எப்போது மாறியது, அந்தத் திருத்தத்தில் வேறு எதையெல்லாம் கெடுத்தேன் என்று பார்க்கத் திருத்தப் பட்டியலைத் திறந்தேன். காலியாக இருந்தது.